ஆளோடு சேர்த்து விற்ற வீடு

பிப்ரவரி 6

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இங்கே நான், என் மனைவி, குழந்தை மூவரும் சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? முழங்கால் வலி தேவலையா? கண் எப்படி? பல் ஆடுகிறது என்று எழுதியிருந்தீர்கள், எடுத்துவிட்டீர்களா? ரத்த அழுத்தம் பார்த்தீர்களா? மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா?

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். என் ரொட்டிக் கடை இருக்கும் கட்டடத்தை உரிமையாளர் விற்கப்போகிறார். ஒன்று நான் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் ஜூனுக்குள் காலி செய்ய வேண்டும். வேறு இடம் பார் என்று எல்லோரும் சுலபமாகச் சொல்கிறார்கள். மேசை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகலாம், செங்கல் அடுப்பைப் பெயர்த்துக்கொண்டு போக முடியுமா? அடுப்பு போனால் கடை போச்சு. கடை போனால் எனக்கு வேறு வேலை தெரியாது என்பது உங்களுக்கே தெரியும்.

அதனால் கடற்கரை வீட்டை விற்கலாம் என்று நினைக்கிறேன். பயப்படாதீர்கள். உங்கள் காலம் வரைக்கும் நீங்கள் அந்த வீட்டில்தான் இருப்பீர்கள் என்று அப்பா பத்திரத்திலேயே எழுதியிருக்கிறார். அதை யாரும் மாற்ற முடியாது, நானும் மாற்ற விட மாட்டேன். வீடு வாங்குகிறவருக்குச் சொந்தம், குடியிருப்பது நீங்கள். இப்படியும் வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று தரகர் சொல்கிறார். பழைய காலத்து வீடுகளுக்கு இப்போது நல்ல கிராக்கியாம்.

பார்க்க ஆட்கள் வருவார்கள். கொஞ்சம் முகம் கொடுத்துப் பேசுங்கள் அத்தை. உங்கள் உடல்நலம் பற்றி விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சிங்கம்


பிப்ரவரி 17

அன்புள்ள சிங்கத்துக்கு,

அத்தையின் ஆசிகள். நான் நலமாக இருக்கிறேன். நீங்கள் மூவரும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். முழங்கால், கண், பல், மூச்சு என்று தனித்தனியாக விசாரித்திருக்கிறாய். சந்தையில் மாடு பிடிக்கிறவன்கூட இவ்வளவு கேட்க மாட்டான். எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. பல்லை மட்டும் எடுத்துவிட்டேன்.

வீட்டை விற்றுக்கொள். இதைச் சொல்லவா நாலு தாளைக் கிழித்தாய்? இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாய் என்றுதான் உனக்குச் சிங்கம் என்று பெயர் வைத்தேன். இன்னும் அப்படியே இருக்கிறாய். உன் அம்மா போன நாளிலிருந்து உனக்குத் தலை வாரிவிட்டவள் நான். உன் அடுப்பு அணைவதைப் பார்த்துக்கொண்டு இந்தச் சுவர்களைக் கட்டி அழுதுகொண்டா இருப்பேன்? கப்பல் கயிறு விற்ற காசில் யாரோ ஒரு கொள்ளுத்தாத்தா கட்டினார். அவர் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். உப்புக் காற்று தின்ற சுவரைச் சுரண்டிச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்கிறவள் நான்.

எனக்கு ஒரு மூலை போதும். ஆனால் அந்த மூலை இங்கேதான் இருக்க வேண்டும். அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன். வேறு இடத்தில் போய்ப் படுக்க எனக்குத் தெரியாது.

ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். வாசலில் நகராட்சி அடித்து வைத்திருக்கும் பலகையைப் படிக்கிறார்கள். பழமை வாய்ந்த கட்டடம், முகப்பை மாற்றக் கூடாது என்று அதில் இருக்கிறது. பிறகு உள்ளே வந்து என்னைப் பார்க்கிறார்கள். இதையும் மாற்றக் கூடாதோ என்று யோசிக்கிற மாதிரி இருக்கிறது அந்தப் பார்வை. ஒரு அம்மாள் என் துணி அலமாரியைத் திறந்து பார்த்தாள். பார்த்தவள் மூடிவிட்டாவது போயிருக்கலாம்.

நேற்று ஒரு ஓட்டல்காரர் மனைவியோடு வந்தார். தன்மையான மனிதர். அப்போது நான் ஏணி மேல் நின்று மாடி ஜன்னலின் வண்ணக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மாவுக்கு என்ன வயசாகுது?" என்றார் கீழே நின்றபடி.

"அறுபத்தொம்பது."

"இந்த வயசுல ஏணியெல்லாம் ஏறுறீங்களே!"

"ஏறத் தெரிஞ்சவளுக்கு இறங்கவும் தெரியும் சார்."

சிரித்தார். ஆனால் முகம் தொங்கிப்போயிற்று. ஏனென்று எனக்கு விளங்கவில்லை. அவர் மனைவி மட்டும் நான் இறங்கும் வரைக்கும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று மறுபடி ஆரம்பிக்காதே. வேலை பார்த்த காலமெல்லாம் தொலைபேசி நிலையத்தில் ஊரார் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தது போதும். கடிதம் போடு.

ஆசிகளுடன்,
அத்தை


மார்ச் 1

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நாங்கள் நலம். நீங்களும் நலம் என்று அறிந்தேன்.

ஓட்டல்காரர் பின்வாங்கிவிட்டார். தரகர் போனில் என்னைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டார். "என்ன சார், வீட்டைப் பாக்கக் கூட்டிட்டுப் போனா உங்க அத்தை ஏணி மேல நிக்கிறாங்க! அவங்க நூறு வயசு இருப்பாங்க சார். அதுவரைக்கும் அவர் வாசல்லயே உக்காந்திருப்பாரா?" என்று கேட்கிறார். உங்கள் காலத்துக்குப் பிறகுதான் வீடு முழுதாக அவர் கைக்கு வரும் என்பதால், நீங்கள் திடமாக இருக்க இருக்க வீட்டின் மதிப்புக் குறைகிறதாம். உலகம் இப்படித்தான் இருக்கிறது அத்தை, நான் என்ன செய்வேன்?

கேட்கவே வாய் கூசுகிறது. ஓட்டல்காரர் மனைவிக்கு வீடு பிடித்துவிட்டதால் இன்னொரு முறை வருகிறார்களாம். அந்த ஒரு மணி நேரம் மட்டும் நீங்கள் கட்டிலில் படுத்திருக்க முடியுமா? கொஞ்சம் இருமினால் போதும். பொய் எதுவும் சொல்ல வேண்டாம். அவர்களாக என்ன நினைத்துக்கொள்கிறார்களோ நினைத்துக்கொள்ளட்டும்.

கோபம் வந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். நான் கேட்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் சிங்கம்


மார்ச் 16

அன்புள்ள சிங்கத்துக்கு,

ஆசிகள். நான் சௌக்கியம், குட்டியும் உன் மனைவியும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் அழுகை வந்தது, அதை விடு. ஒரு மணி நேரம் இருமினால் உன் அடுப்பு எரியும் என்றால் இரண்டு மணி நேரம் இருமுகிறேன், போ.

கட்டிலை மாடியிலிருந்து கழற்றி இறக்கி முன்கூடத்தில் போட்டேன். மாடி ஏற முடியாத நோயாளி மாடியில் எப்படிப் படுத்திருப்பாள்? பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரரிடம் காலிப் புட்டிகள் வாங்கித் தலைமாட்டில் அடுக்கினேன். முகத்தில் பவுடரை அப்பி, கழுத்தெல்லாம் தைலம் தடவிக்கொண்டேன். அந்த வாசனைக்கு எனக்கே உடம்பு சரியில்லாத மாதிரி ஆகிவிட்டது.

ஓட்டல்காரர் வந்ததும் திகைத்து நின்றுவிட்டார். "என்னம்மா இது, அன்னிக்கு ஏணி மேல நின்னீங்க?"

"அன்னிக்குத்தான் சார் விழுந்துட்டேன்," என்றேன். எங்கிருந்துதான் வந்ததோ! "இதயம் ரொம்ப பலவீனமா இருக்காம். டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறார். தலையை மட்டும் ஆட்டுறார்." பொய் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தாய். வெறும் இருமலை வைத்துக்கொண்டு கூத்து எடுபடாது, சிங்கம்.

அவர் மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மாவும் கடைசியில இப்படித்தான் கிடந்தாங்க. நான் பக்கத்துல இல்ல," என்று சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சுவரைப் பார்த்து இருமினேன்.

அவள் கணவர் ஒரு ஆளை வைத்துக்கொண்டு கூடத்தை அளந்தார். டேப்பின் ஒரு முனை இந்தச் சுவரில், மறுமுனை அந்தச் சுவரில். நடுவில் என் வயிற்றுக்கு மேலே ஓடியது. "கொஞ்சம் அசையாம இருங்கம்மா," என்றார். அசையாமல் இருந்தேன். எத்தனை மேசை போடலாம் என்று வாய்க்குள் முணுமுணுத்தார். அதுவரைக்கும் எல்லாம் விளையாட்டாக இருந்தது. அந்த நிமிஷம் எனக்கு நிஜமாகவே நெஞ்சு ஒரு மாதிரி அடித்துக்கொண்டது.

வாசலில் தரகருக்கும் அவருக்கும் கைகுலுக்கல் நடந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்ததென்று வைத்துக்கொள். நீ எப்போது வருகிறாய்? குட்டியையும் கூட்டிக்கொண்டு வா.

ஆசிகளுடன்,
உன் நோயாளி அத்தை


ஏப்ரல் 9

அன்புள்ள அத்தைக்கு,

கோடி வணக்கம். பத்திரம் முடிந்துவிட்டது! இங்கே வக்கீல் அலுவலகத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டோம், அங்கே வர நேரமில்லை. கடை இனி எங்களுடையது. அன்று மாலை அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டேன். என் மனைவி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். இது நீங்கள் போட்ட பிச்சை அத்தை.

ஒரே ஒரு விஷயம். மாடியில் வேலை தொடங்குகிறார்கள். ஓட்டல்காரர் அடிக்கடி வந்து போவார். பத்திரம் முடிந்த கையோடு நீங்கள் எழுந்து நடந்தால் நன்றாக இருக்காது. கொஞ்ச நாள் அப்படியே இருங்கள். பிறகு மெதுவாகத் தேறிக்கொள்ளலாம். உங்கள் உடம்பைப் பற்றி அவர் கேட்டபோது நானும் ஏதோ சொல்லிவைத்தேன். பெரிதாக ஒன்றுமில்லை.

நிஜமாகவே உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது? கடையில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. ஒழிந்ததும் கட்டாயம் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் சிங்கம்


மே 28

அன்புள்ள சிங்கத்துக்கு,

ஆசிகள். உன் கடை நிலைத்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று எழுதத் தெரியவில்லை. நான் நலமா என்று கேட்டிருக்கிறாய். அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நோயாளியாக இருப்பது முழுநேர வேலையப்பா. மாடியில் தடுப்புச் சுவரை இடிக்கிறார்கள், தூசி முழுவதும் என் மேல் விழுகிறது. எழுந்து உதறக்கூட முடியாது, வாசலில் மேலாளர் என்று ஒருவன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். ஆட்கள் போன பிறகு சாயங்காலம் கூடத்துக்குள்ளேயே நாலு நடை நடக்கிறேன். இப்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. படுத்தே கிடந்ததில் கால்களுக்கு நடை மறந்துவிட்டது போலிருக்கிறது.

தொலைபேசி நிலையத்தில் என்னோடு வேலை பார்த்தவள் பழங்களோடு வந்து என் கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவளிடம் சொன்னால் ஊருக்கே இணைப்புக் கொடுத்த மாதிரி. அதனால் அவளுக்கும் சேர்த்து இருமினேன். போகும்போது என் நெற்றியைத் தடவிவிட்டுப் போனாள். கடைசி முறை பார்க்கிற மாதிரி இருந்தது அது.

ஓட்டல்காரர் மனைவி வாரம் தவறாமல் சூப் வைத்துக்கொண்டு வருகிறாள். தலையணையைச் சரிசெய்கிறாள், நகம் வெட்டிவிடுகிறாள். தன் அம்மாவுக்குச் செய்யாததையெல்லாம் எனக்குச் செய்கிறாள். இந்த வயதில் எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள், அவளிடம்தான் வாய் திறந்தால் பொய்.

அவள் கணவர் தினமும் கேட்பார். "இன்னிக்கு எப்படிம்மா இருக்கு?" பரவாயில்லை என்றால் அவர் நெற்றி சுருங்கும். நேற்றைவிட மோசம் என்றால் முகம் கனிந்துவிடும். "ரெஸ்ட் எடுங்கம்மா, ரெஸ்ட் எடுங்க," என்பார். நான் மோசமாக இருந்தால்தான் இந்த வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள்.

எப்போது தேறலாம் என்று எழுது. தேதி சொன்னால் அதற்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டைக் கூட்டிக்கொள்வேன்.

ஆசிகளுடன்,
அத்தை


ஜூலை 2

அன்புள்ள சிங்கத்துக்கு,

ஆசிகள். உன்னிடமிருந்து பதில் இல்லை. எல்லோரும் நலம்தானே? குட்டிக்கு ஒன்றுமில்லையே?

நேற்று ஓட்டல்காரர் மனைவி வந்தாள். சூப்பை என்னிடம் கொடுக்காமல் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள். என்னம்மா என்றேன்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. இப்படிப் பேசறதே பாவம். அவர் ரொம்ப நெருக்கடியில இருக்கார். மேசை நாற்காலியெல்லாம் வந்து கிடங்குல கிடக்கு. செப்டம்பர்ல மழை விட்டதும் திறக்கிறதா எல்லாருக்கும் சொல்லியாச்சு. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்னு உங்க அண்ணன் மகன் சொல்லித்தான்..."

"என்ன முடிஞ்சிடும்?"

அவள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் கைவிட்டுவிட்டார், செப்டம்பரைத் தாண்ட மாட்டார்கள் என்று நீ சொன்னாயாம். அதனால்தான் அவர் உன் விலைக்கு ஒத்துக்கொண்டாராம். சொல்லிவிட்டு என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சாகப்போகிறவளிடம் சாகிற தேதியைக் கேட்டுவிட்டோமே என்று அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன், வேறென்ன செய்ய?

நீ என்னிடம் கேட்டது ஒரு மணி நேர இருமல். அவருக்கு நீ கொடுத்தது என் தேதி. ஏதோ சொல்லிவைத்தேன், பெரிதாக ஒன்றுமில்லை என்று எழுதினாயே, இதுதானா அது? செப்டம்பர் முடிந்து நான் உயிரோடு இருந்தால் என்ன செய்வதாக உத்தேசம்? கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உடனே பதில் போடு.

அத்தை


ஜூலை 24

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நாங்கள் நலம். நீங்கள் மனம் நொந்திருப்பீர்கள். பதில் எழுதப் பயமாக இருந்தது, அதுதான் தாமதம்.

அன்று வக்கீல் அலுவலகத்தில் ஓட்டல்காரர் விலையைக் குறைக்கப் பார்த்தார். தரகர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். வாய் தவறி வந்துவிட்டது. செப்டம்பர் என்று நான் சொல்லவே இல்லை. மழைக்காலம் முடிகிற வரைக்கும் என்றுதான் சொன்னேன்.

இப்போது அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. டாக்டர் யார், எந்த ஆஸ்பத்திரி என்று துருவுகிறார். ஏமாற்றியதாகத் தெரிந்தால் வழக்குத்தான் என்று தரகரிடம் சொல்லியிருக்கிறார். நான் உள்ளே போனால் கடை என்ன ஆகும், குழந்தை என்ன ஆகும்?

ஒரு வழி இருக்கிறது. ஊருக்கு வெளியே ஒரு முதியோர் விடுதி இருக்கிறது. செலவை ஓட்டல்காரரே ஏற்பதாகச் சொல்கிறார். சிகிச்சைக்குப் போவதாகச் சொல்லி நீங்கள் அங்கே போய்விட்டால் கூடம் காலியாகிவிடும், அவரும் எதையும் தோண்ட மாட்டார். நல்ல இடம். அறைக்கு இரண்டே பேர், எந்நேரமும் வெந்நீர். படம் பார்த்தேன், பூச்செடியெல்லாம் வைத்திருக்கிறார்கள்.

எனக்காக எவ்வளவோ செய்துவிட்டீர்கள். இதையும் செய்யுங்கள் அத்தை.

அன்புடன்,
உங்கள் சிங்கம்


ஆகஸ்ட் 10

அன்புள்ள சிங்கத்துக்கு,

ஆசிகள். போக மாட்டேன். முதல் கடிதத்திலேயே சொன்னேன், இந்த மூலையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று. அதே சமயம் உன்னை ஜெயிலுக்கு அனுப்பவும் எனக்கு மனசில்லை. படுத்தபடியே யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். படுத்திருப்பதில் அந்த ஒரு லாபம்.

நேற்றுக் காலையில் எழுந்து, முகம் கழுவி, நல்லதாக ஒன்றை உடுத்திக்கொண்டு மேலாளர் கண்ணெதிரே வாசலைத் தாண்டினேன். கம்பு ஊன்றித்தான் நடந்தேன், கால் ஒத்துழைக்கவில்லை. கடைத்தெருவில் மீன்காரி என்னைப் பார்த்ததும் "அய்யய்யோ!" என்று கூடையைக் கீழே போட்டுவிட்டாள். ஒரு கடையில் உட்கார்ந்து டீ குடித்தேன். வெயில் முகத்தில் பட்டது. சிங்கம், அழுகை வந்துவிட்டது எனக்கு.

திரும்பி வந்து முதலில் ஓட்டல்காரர் மனைவியிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் கையை எடுத்துவிட்டாள். "அப்ப எங்கம்மாவைப் பத்தி நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கிட்டே நடிச்சீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு என் பக்கம் வரவில்லை.

அவள் கணவரிடம் சொன்னது இது. எல்லாம் என் வேலை. டாக்டர் கைவிட்டதாக நான்தான் அண்ணன் மகனுக்கு எழுதினேன், அவனையும் ஏமாற்றினேன், அவன் பாவம், நம்பிவிட்டான். வழக்குப் போடுவதானால் என் மேல் போடுங்கள். பிடுங்கிக்கொள்ள என்னிடம் ஒரு கட்டிலும் ஓர் ஏணியும் இருக்கின்றன.

அவர் உனக்குப் போன் செய்வார். எனக்கு எதுவும் தெரியாது என்று மட்டும் சொல். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதே. நீ பேசப் பேசக் குரல் மெலியும், கேட்கிறவனுக்குத் தெரிந்துவிடும். குரல் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது, ஆகையால் சொல்கிறேன்.

இதெல்லாம் அடங்கியதும் ஒருமுறை வந்து போ. நேற்றிலிருந்து இங்கே என்னோடு யாரும் பேசுவதில்லை.

ஆசிகளுடன்,
அத்தை


ஆகஸ்ட் 30

அன்பே உருவான என் அத்தைக்கு,

ஆயிரம் வணக்கம். நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் கால் எப்படி இருக்கிறது? தைலம் தடவுகிறீர்களா?

ஓட்டல்காரர் போன் செய்தார். நீங்கள் சொன்னபடியே, எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் நம்பிவிட்டார் போலிருக்கிறது. என் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று தரகர் வந்து சொன்னார். எனக்கு உயிர் வந்தது.

உங்களைப் போல ஒருத்தர் யாருக்குக் கிடைப்பார்கள்? குழந்தைக்குப் பரீட்சை முடிந்ததும் மூவரும் வருகிறோம். உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் நலத்துக்குத்தான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் சிங்கம்


செப்டம்பர் 8

அண்ணன் மகனுக்கு,

உன் கடிதம் வந்தது.

ஓட்டல்காரர் உனக்குப் போன் செய்தபோது நான் அவருக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். அவரே என்னைக் கூப்பிட்டு நாற்காலி போட்டார். போனை மேசை மேல் வைத்து, ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, பேசாதீர்கள் என்று சைகை காட்டினார். அவர் மனைவி கதவோரம் நின்றாள். நான் சொல்லிக்கொடுத்ததை நீ ஒழுங்காகச் சொல்கிறாயா என்று பதைபதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எனக்கு எதுவும் தெரியாது சார்," என்றாய். அப்பாடா என்று இருந்தது. அதுவரைக்கும் நான் சொல்லிக்கொடுத்தது.

"அப்ப உங்க அத்தை தானாவா இவ்வளவும் பண்ணாங்க?" என்று கேட்டார்.

"அவங்க எப்பவுமே அப்படித்தான் சார். யாரையும் நிம்மதியா இருக்க விட மாட்டாங்க. புத்தி கொஞ்சம் சரியில்ல. அவங்களுக்குக் கல்யாணம் ஆகாததே அதனாலதான்."

அவர் கேட்டது அந்த ஒரு கேள்விதான். பேச்சை நீயேதான் வளர்த்தாய்.

"சொந்தம்னு நான் ஒருத்தன்தான் சார் இருக்கேன். மனநல ஆஸ்பத்திரியில சேக்கணும்னா சொல்லுங்க, நான் வந்து கையெழுத்துப் போடறேன். அப்புறம் வீடு காலிதானே."

உன் குரல் மெலியவில்லை. நான் காத்திருந்தேன், கடைசி வரைக்கும் மெலியவே இல்லை. எனக்குக் கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று உனக்குத் தெரியும். இரண்டு முறை பெண் கேட்டு வந்தார்கள். இரண்டு முறையும் பையனை விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். உனக்கு விவரம் தெரிந்த வயதில் உன் அப்பாவே இதை உன்னிடம் சொல்லியிருக்கிறார், நானும் பக்கத்தில் இருந்தேன்.

ஓட்டல்காரர் போனை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கையெழுத்தெல்லாம் வேண்டாம்மா. நீங்க இருங்க. மேசையை உங்க கட்டிலைச் சுத்திப் போட்டுக்கறோம்," என்றார். அவர் பெரிய நல்லவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது, அவ்வளவுதான். அவர் மனைவி ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமலேயே போனாள்.

இப்போது கூடத்தில் என் கட்டிலைச் சுற்றித் தட்டி வைத்து மறைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் மேசை போடுகிற சத்தம் கேட்கிறது. இனி இங்கே ஆட்கள் சாப்பிடுவார்கள், சிரிப்பார்கள், பில் கேட்பார்கள். நான் தட்டிக்கு இந்தப் பக்கம் இருப்பேன். நான் கேட்ட மூலை எனக்குக் கிடைத்துவிட்டது.

உன் மேல் வழக்கு வராது. நான் சொன்ன சொல்லை மாற்ற மாட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொள். பரீட்சை முடிந்தாலும் வர வேண்டாம். குட்டிக்கு என்னைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறாயோ, அது அப்படியே இருக்கட்டும்.

போன வாரம் ஓட்டல்காரர் ஒரு டாக்டரை வரவழைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். இதயம் திடமாக இருக்கிறது, ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, கால் நடக்க நடக்கச் சரியாகிவிடும், இன்னும் ரொம்ப வருடம் இருப்பீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டு இந்த வீட்டில் யாரும் சந்தோஷப்படவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

கடிதத்துக்குக் கடிதம் என் நலத்தை விசாரிப்பாய். ஆகையால் எழுதுகிறேன். நான் நலமாக இருக்கிறேன். இதைப் படித்ததும் உனக்கு முதலில் என்ன தோன்றியதோ, அதை எனக்கு எழுதாதே.

அத்தை